நாலு மணித் தலையிடி

சித்தாண்டியில் ஒரு தேத்தண்ணிக் கடைக்காரர் இருந்தார். எங்கள் பஸ் வரும்போதெல்லாம் கையைக் காட்டுவார். பஸ் மெதுவாகும். பையைத் தூக்கிக்கொண்டு இரண்டடி முன்னால் வருவார். உடனே எங்கள் டிரைவர் அண்ணன் யன்னலால் தலையை நீட்டி, அந்த மனிதரின் முகத்தை வடிவாக ஒருக்கால் பார்த்துவிட்டு, அக்ஸிலேட்டரை மிதிப்பார். பஸ் போய்விடும்.

பல தடவை பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டேன்.

"ஏன் அண்ணன், அந்த மனிசன் பாவமில்லையா?"

"அவன் என்னப் பாத்துச் சிரிச்சவன்."

"எப்ப?"

"நீ இந்த பஸ்ஸில ஏறுறதுக்கு முன்னுக்கு."

அவ்வளவுதான். எதற்காகச் சிரித்தார் என்று அவர் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை.

எங்கள் பஸ் வாகரையிலிருந்து மட்டக்களப்புக்கு ஓடியது. அவர் டிரைவர், நான் கொண்டக்டர். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. கேட்காமல் எழுதினேன் என்று தெரிந்தால் அதையும் அவர் மறக்கமாட்டார்.

"இரிக்கட்டும்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை. மற்றவர்கள் அதைச் சொன்னால் போனால் போகட்டும், விட்டுவிடுவோம் என்று பொருள். இவர் சொன்னால் அது உள்ளே கிடக்கட்டும், நேரம் வரும்போது எடுப்பேன் என்று பொருள். பொலிஸ்காரர் ஒருவர் காரணமில்லாமல் ஏசினார். "இரிக்கட்டும்." வாழைச்சேனையில் ஒரு கறாஜ்காரன் பழைய போல்ட்டைப் பூட்டி அனுப்பிவிட்டான். "இரிக்கட்டும்." பஸ்ஸை எடுத்த பிறகும் அந்த வார்த்தையை வாய்க்குள் மென்றுகொண்டே போவார். பக்கத்தில் நிற்கும் எனக்குப் பயமாக இருக்கும்.

மற்றபடி நல்ல மனிதர். குடிக்கமாட்டார். கலியாண வீட்டில் ஒரு கிளாசை நீட்டினாலும் எழும்பிப் போய்விடுவார். அது ஒழுக்கம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு மிடறு உள்ளே போனாலே தலைக்குள் நெருப்புப் பற்றிவிடும் என்ற பயம் அது என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த நெருப்பை நான் முதலில் பார்த்தது மட்டக்களப்பு பஸ் நிலையத்தில். பின்னேரம் நாலு மணிக்கு எப்படியாவது பஸ் அங்கே நிற்கும்படி அவர் தன் ஓட்டங்களை மாற்றி வைத்திருந்தார். பஸ்ஸை நிறுத்தியதும் இறங்கி வாவிக்கரைப் பக்கம் போவார். அரை மணித்தியாலத்துக்கும் மேலாகும் திரும்பி வர. ஒரு நாள் ஏதோ கேட்க வேண்டியிருந்ததால் நானும் பின்னால் போனேன். ஒரு சுவரோரம் கூட்டில் அடைத்த மிருகம் போல அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். இடது கண் மிளகாய்ப்பழமாகச் சிவந்து தண்ணீர் கொட்டியது. இடது மூக்கால் மட்டும் சளி வடிந்தது. திடீரென்று நின்று சுவரில் தலையை மோதினார். திரும்பவும் நடந்தார். திரும்பவும் மோதினார். வலது பக்கம் மட்டும் ஒரு சாதாரண மனிதனின் முகமாக இருந்தது.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ஒன்றும் நடக்காதது போல ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"என்ன அண்ணன் செய்யிது?"

"தலையிடி."

"தலையிடிக்கு ஆரும் இப்பிடிச் செய்வாங்களா?"

அந்தக் கேள்விக்காக ஒரு கிழமை என்னோடு பேசவில்லை.

அவரை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிய நாள், வாகரையில் டயர் காற்றுப் போனதால் பஸ் பிந்திப் புறப்பட்டது. அவர் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். பனிச்சங்கேணிப் பாலத்தைத் தாண்டி மாங்கேணிக்கு வருவதற்குள் நாலு மணியாகிவிட்டது. ஒரே அமுக்காகப் பிரேக்கை அமுக்கிவிட்டு, கதவைத் திறந்து குதித்து ஓடினார். உள்ளே நின்றவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். ஒரு பள்ளிக்கூட ரீச்சரின் முகம் கம்பியில் அடிபட்டு இரத்தம் வந்தது. இவர் தெருவோரத் தண்ணீருக்குள் தலையை அமுக்கினார், எழும்பினார், திரும்ப அமுக்கினார். சனம் போனில் படம் பிடித்தது. "குடிகாரன், குடிகாரன்" என்று முதலில் கத்தியது யார் என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

பஸ் முதலாளி சித்தாண்டியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். வயல், பஸ் என்று வசதியான மனிதர், ஊரில் மரியாதை உள்ளவர். ரீச்சருடைய ஆட்கள் சூழ்ந்து நின்று அவரை ஏசினார்கள். பஸ்ஸின் பிரேக்கே பழுது என்றும் பேச்சு வந்தது. அப்போதுதான் முதலாளி அண்ணனைப் பார்த்துத் திரும்பினார். அண்ணன் தெருவோரம் குந்தியிருந்தார். வலி போய், முகம் வெளிறி, தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எழும்படா. ஊது."

"முதலாளி, நான் குடிக்கல்ல. இது தலையிடி."

"ஊதடா எண்டன்!"

அத்தனை சனத்துக்கும் நடுவில் நின்று அண்ணன் ஊதினார். முதலாளி முகத்தைச் சுளித்துப் பின்னால் போனார்.

"மணக்குது."

"குடிக்கல்ல முதலாளி, நான் காலையில இரிந்து கூடவேதான் நிக்கிறன்" என்றேன் நான்.

"நீ வாயப் பொத்து. நீயும் சேர்ந்துதான் குடிச்சிருப்பாய்."

சாவியை வாங்கினார். ரீச்சருடைய ஆட்களின் கோபம் முழுவதும் அண்ணன் மேல் திரும்பியது. பிரேக்கைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை. அண்ணன் முதலாளியின் முகத்தைப் பார்த்தார். கடைக்காரரைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. ஆனால் அன்று "இரிக்கட்டும்" என்று சொல்லவில்லை. 

அந்தப் படம் எல்லாருடைய போனுக்கும் போனது. வேறு எந்த பஸ்காரரும் அவரை எடுக்கவில்லை. வாழைச்சேனையில் மகளுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம், குடிகாரன் வீட்டில் பெண் எடுக்கமாட்டோம் என்று நின்றுபோனது. அவர் மாங்கேணியில் மச்சானுடைய தோணியில் கடலுக்குப் போகத் தொடங்கினார். நானும் அந்த பஸ்ஸை விட்டுவிட்டு, சித்தாண்டியில் போன் திருத்தும் சின்னக் கடை ஒன்று போட்டேன். நேரம் கிடைத்தால் மாங்கேணிக்குப் போய் அவரைப் பார்ப்பேன்.

வைத்தியம் நடக்காமல் இல்லை. ஒருவர் மூக்குக்குள் பீனிசம் என்றார். ஒருவர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். ஒரு தனியார் பல் வைத்தியர் இடது பக்கத்து மேல் பல்லிரண்டைப் பிடுங்கினார். வலி நாலு மணிக்கு வந்தது, விடியப்புறம் ஒருக்கால் வந்தது, ஒரு நாளும் பிந்தவில்லை.

கடைசியில் நோயைக் கண்டுபிடித்தது மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் பிள்ளை. வரிசையில் நிற்கும்போதே அண்ணனுக்கு வலி வந்துவிட்டது. அவர் நடக்கிற நடையையும் ஒற்றைக் கண் சிவந்திருந்ததையும் தூரத்தில் நின்றே பார்த்து, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஒட்சிசன் முகமூடியை மாட்டினாள். கொஞ்ச நேரத்தில் வலி வடிந்தது. நான் பக்கத்தில் நின்றேன்.

"ஐயா, இதுக்கு கிளஸ்டர் தலையிடி எண்டு பேர். கொத்துக் கொத்தா வாற தலையிடி. மனிசருக்கு வாற வலிகளிலேயே மிச்சம் பொல்லாத வலி."

அண்ணன் அழத் தொடங்கினார். வலி போன ஆறுதலில் அழுகிறார் என்று அவள் நினைத்தாள், தோளைத் தட்டினாள்.

"டொக்டர்," என்றார் அவர், "இத ஒருக்கா முதலாளிக்கு போன் எடுத்துச் சொல்லுவீங்களா?"

மாத்திரைகள் ஒரு வருசத்துக்கும் மேலாகக் கேட்டன. பிறகு கேட்காமல் போயின. கூட்டினார்கள், மாற்றினார்கள், பயனில்லை. வீட்டில் ஒட்சிசன் சிலிண்டர் வைத்தார்கள். சிலிண்டர் முடிகிற நாட்களில் அந்த வீட்டுப் பக்கம் போகமுடியாது. அவருடைய தங்கச்சி சுவிஸில் இருந்தா. அங்கே யாரையோ விசாரித்து, இந்தியாவில் இதற்கு ஒப்பரேசன் செய்கிறார்கள் என்று கண்டுபிடித்து, கூட்டிப் போகவும் ஏற்பாடு செய்தா.

திரும்பி வந்தபோது பின்மண்டை மழித்திருந்தது. என் கையைப் பிடித்து இழுத்துத் தன் கழுத்தெலும்புக்குக் கீழே வைத்தார். தோலுக்கு அடியில் தீப்பெட்டி மாதிரி ஒன்று தட்டுப்பட்டது.

"பெட்டரி," என்றார். "இதில இரிந்து வயர் தோலுக்குள்ளால மேல போகுது. பின்மண்டை நரம்புக்கிட்ட போய் நிக்கிது. விடாம கரண்ட் குடுத்துக்கொண்டிரிக்கும்."

"நோகாதா?"

"மழை தூறுற மாதிரி இரிக்கி. பின்பக்கமா, எந்த நேரமும் தூறிக்கொண்டிரிக்கி."

அதைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு றிமோட் இருந்தது. கிழமைக்கு ஒருக்கால் ஒரு பட்டியை நெஞ்சில் கட்டிக்கொண்டு பெட்டரிக்கு சார்ஜ் ஏற்றினார். உடனே சுகம் வரவில்லை. முதலில் வலி நாளுக்கு ஒன்றானது. பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒன்று. சில மாதங்களில், வராத கிழமைகள் வந்தன. அக்கா, அவருடைய மனைவி, முகத்தில் கொஞ்சம் சதை பிடித்தா. "தம்பி, இப்பதான் நான் நித்திரை எண்டு ஒண்டைக் கொள்ளுறன்" என்று என்னிடம் சொன்னா. சொல்லிவிட்டு வெட்கப்பட்டா.

சுகமானவர் சும்மா இருப்பார் என்று நாங்கள் நினைத்தோம். வலி இருந்த காலத்தில் தலைக்குள் வேறு ஒன்றுக்கும் இடமிருக்கவில்லை. வலி போனதும் அந்த இடமெல்லாம் காலியாகி, கிடந்தவையெல்லாம் எழும்பத் தொடங்கின.

முதலில் பல் வைத்தியரிடம் போனார். பிடுங்கிய பல்லிரண்டையும் ஒரு பேணியில் போட்டு வைத்திருந்தார். நோயாளிகள் இருக்கும் அறையில் நின்று, பேணியை மேசையில் கவிழ்த்தார். "இது ரெண்டும் பழுதில்லாத பல்லு. திருப்பி வைங்க." அவர்கள் வெளியே போகச் சொன்னார்கள். "வைச்சாப் போறன்" என்று பின்னேரம் வரைக்கும் அங்கேயே கதிரையில் இருந்தார். வந்த நோயாளிகள் எல்லாருக்கும் வாயைத் திறந்து அந்த இடைவெளியைக் காட்டினார். பலர் எழும்பிப் போய்விட்டார்கள் என்று சந்தோசமாகச் சொன்னார்.

"குடிகாரன்" என்று முதலில் கத்தியவர் காயான்கேணியில் ஒரு கலியாணத்தில் அகப்பட்டார். பந்தியில் அண்ணன் அவருக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்து, சாப்பாடு முடியும்வரை ஒரு வார்த்தையும் பேசாமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் பாயாசத்தைத் தொடாமல் கையைக் கழுவினார்.

"காணும் அண்ணன்," என்றேன். "சுகம் வந்திட்டுத்தானே. விடுங்க."

"இவனுகள் எல்லாம் சில்லறை," என்றார்.

முதலாளி அந்த வருசம் புது பஸ் ஒன்று எடுத்தார். சித்தாண்டிக் கோயிலடியில் கொண்டுவந்து பூசை போட்டு ஓட்டத்துக்கு விடுவதாக ஏற்பாடு. ஊர்ப் பெரியவர்களுக்கெல்லாம் சொல்லியிருந்தார். அண்ணன் போன் எடுத்து, பூசை எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். பின்னேரம் மூன்றரைக்குப் பிறகு என்றேன்.

"நல்ல நேரம்," என்றார்.

அன்று மத்தியானம் என் கடைக்கு வந்தார். வெள்ளைச் சேட்டு, வெள்ளை வேட்டி. முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே பழைய கறுப்பு திரும்ப வந்திருந்தது. நெற்றியில் புதுக் காயம்.

"மிசின் பழுதா அண்ணன்?"

பொக்கற்றிலிருந்து றிமோட்டை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"பழுதில்ல. நிப்பாட்டிப்போட்டன்."

எனக்கு விளங்க நேரமெடுத்தது.

"ரெண்டு கிழமையாகுது. முதல் மூணு நாள் ஒண்டுமில்ல. மறுகா வந்திட்டு. இப்ப நாலு மணி எண்டா நாலு மணிதான். நேற்றும் வந்த, முந்தநாளும் வந்த." ஒரு நல்ல வேலைக்காரனைப் பற்றிப் பேசுவது போலப் பேசினார். "இண்டைக்கும் வரும். அவனுக்கு முன்னால வரும்."

"அக்காக்குத் தெரியுமா?"

"மிசின் பழுதாப்போயிட்டெண்டு நினைச்சுக்கொண்டிரிக்கா. தங்கச்சிக்கு போன் எடுத்து அழுறா. அமிர்தகழிக்குப் போய் மாமாங்கப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைச்சிட்டு வந்திரிக்கா." நெற்றிக் காயத்தை ஒருக்கால் தடவினார். "இண்டையோட முடிஞ்சிரும். நாளைக்குச் சொல்லிருவன்."

"அண்ணன், இது பைத்தியக்கார வேலை. இஞ்ச தாங்க, நான் போட்டு விடுறன்."

"நீ வச்சிக்க. நான் கேக்கிறவரைக்கும் ஆருக்கும் குடுக்காத. எனக்கிட்ட இரிந்தா நடுவில மனசு மாறிரும்."

மறுக்க மறுக்க என் சேட்டுப் பொக்கற்றில் போட்டுவிட்டு நடந்தார். நான் கடையைச் சாத்திவிட்டுப் பின்னால் ஓடினேன்.

புது பஸ் மாலை போட்டு, வாழை கட்டி, சந்தனம் பூசி நின்றது. முதலாளி நரைத்திருந்தார். அண்ணனைக் கண்டதும் முகம் ஒரு நொடி இறுகி, பிறகு சிரித்தது. நாலு பேர் பார்க்கிற இடம். "வா வா, எப்படிச் சுகம்?" என்றார். அண்ணன் கைகூப்பிவிட்டு, பஸ்ஸின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஐயர் மந்திரம் சொன்னார். தேங்காய் உடைத்தார்கள். சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்தார்கள். நான் அண்ணனின் இடது கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அது மெதுவாகச் சிவந்தது.

முதல் சத்தம் அவர் தொண்டையிலிருந்து வந்ததா, தலை பஸ்ஸில் மோதியதால் வந்ததா தெரியவில்லை. சனம் விலகியது. சந்தனம் பூசிய தகரத்தில் அவர் தலையை இடித்தார். விழுந்தார், எழும்பினார், வட்டமாக நடந்தார், திரும்ப இடித்தார். ஒரு கண்ணாலும் ஒரு மூக்காலும் ஒழுகியது. யாரோ சொன்னார்கள், "குடிச்சிட்டு வந்திரிக்கான்."

அண்ணன் அதற்காகத்தான் காத்திருந்தார். தவழ்ந்து போய் முதலாளியின் சேட்டைப் பிடித்து, தன் முகத்துக்குக் கிட்டே இழுத்தார்.

"ஊதுறன். மணந்து பாருங்க."

"விடு... ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கடா இவனை."

"மணந்து பாருங்க முதலாளி! அண்டைக்கு ஊதச் சொன்னீங்கதானே. இண்டைக்கு நானா ஊதுறன்."

ஊதினார். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளியால் முகத்தைத் திருப்ப முடியவில்லை.

"மணக்குதா?"

"இல்ல."

"அண்டைக்கு மணந்ததா?"

முதலாளி சேட்டை விடுவிக்கப் பார்த்தார். அண்ணன் வலியில் அவருடைய சேட்டைப் பிடித்துத் தொங்கினார். ஒரு பொத்தான் தெறித்தது.

"இல்ல," என்றார் முதலாளி. "அண்டைக்கும் நீ குடிச்சிருக்கல்ல."

"சத்தமா."

"அண்டைக்கு நீ குடிக்கல்ல! நான்தான் பொய் சொன்னன்!"

கடைசிச் சொற்கள் உடைந்து வந்தன. அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அண்ணனுக்கு இல்லை. சேட்டை விட்டுவிட்டு நிலத்தில் சரிந்தார், சிரித்தார். ஒரு பாதி முகம் அழ, மறுபாதி சிரித்தது. பிறகு வலி திரும்ப ஏறியது. தலையை சக்கரத்தில் இடிக்கத் தொடங்கினார்.

அந்த நேரம் ஒரு ஓட்டோ வந்து நின்றது. அக்கா. மத்தியானம் தொட்டு வீட்டில் இல்லாத மனிதனைத் தேடி, சித்தாண்டிக்குப் போனார் என்று யாரோ சொல்ல, ஒரு பையில் ஐஸ் கட்டியோடு வந்திருந்தா. சனத்தைத் தள்ளிக்கொண்டு வந்து நிலத்தில் உட்கார்ந்து, அவருடைய தலைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் தன் உள்ளங்கையைக் கொடுத்தா. யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போனது. அண்ணனின் நெற்றி அந்தக் கையில் இடித்தது. திரும்ப இடித்தது. அக்காவின் விரல் மூட்டுகள் ஏன் அப்படி வீங்கி வளைந்திருந்தன என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

என்னால் பார்க்க முடியவில்லை. பொக்கற்றிலிருந்து றிமோட்டை எடுத்து, அவருடைய நெஞ்சில் வைத்து அமுக்கினேன். பச்சை வெளிச்சம் வந்தது. ஒன்றும் மாறவில்லை. திரும்ப அமுக்கினேன்.

"விடு மனே," என்றார் பல்லுக்கிடையால். "இது சுவிச்சப் போட்டா எரியிற பல்பில்ல. கேக்கிறதுக்கு இன்னும் மாசக்கணக்காகும்."

அது தெரிந்துதான் நிறுத்தியிருக்கிறார்.

அக்கா என் கையைப் பார்த்தா.

"அது உங்கட்ட எப்படி வந்த தம்பி?"

 அண்ணன்தான் பேசினார். வெற்றியில் அவருக்கு மறைக்கத் தோன்றவில்லை.

"நான்தான் நிப்பாட்டினன். அவன் சொன்னதக் கேட்டியா? எல்லாருக்கும் முன்னால சொன்னான். கேட்டியா நீ?"

"மிசின் பழுதில்லையா?"

"பழுதில்ல."

அக்கா கையை எடுத்தா. சேலையில் துடைத்தா. அண்ணனின் தலை சக்கரத்தின் இரும்பில் மோதிய சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அவர் அதிர்ந்து போய்க் கண்ணைத் திறந்து பார்த்தார். அக்கா எழும்பி, ஐஸ் பையை என்னிடம் தந்துவிட்டு, வந்த ஓட்டோவிலேயே ஏறிப் போய்விட்டா.

மிசின் திரும்பச் சரியாகப் பிடிக்க இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்தது. அந்தக் காலம் முழுவதும் அக்கா சமைத்தா, சிலிண்டர் எடுப்பித்தா, முகமூடியைக் கழுவி வைத்தா. அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. முதலாளி ஒரு நாள் பழங்களோடு மாங்கேணிக்கு வந்தார். திரும்ப வேலைக்கு வரச் சொல்லிக் கேட்டார். அண்ணன் அவரை வாசல் படலையிலேயே நிறுத்தி, அன்று சொன்னதை அக்கம்பக்கத்தாருக்கு இன்னொருக்கால் சொல்ல வைத்தார். அவர் சொன்னார். பிறகு அண்ணன் வேலை வேண்டாம் என்று அனுப்பப் பார்த்தார். அக்கா வெளியே வந்து, "வெயிலுக்குள்ள வந்திருக்கீங்க, இரிங்க முதலாளி" என்று கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்தா. ஒரு கிளாஸ்தான் ஊற்றியிருந்தா.

மகளுக்கு அடுத்த வருசம் ஏறாவூர்ப் பக்கம் நல்ல இடத்தில் கலியாணமானது. அந்தக் குடிகாரன் கதை ஒருவர் வாயிலும் வரவில்லை. அண்ணன் பந்தலில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். அக்கா வந்தவர்கள் எல்லாரோடும் சிரித்துப் பேசினா.

பிறகு நான் கடையை மூடிவிட்டுக் கட்டாருக்கு வேலைக்குப் போனேன். போன வருசம் லீவில் வந்தபோது அவர்களைப் பார்க்கப் போனேன். இப்போது அக்கா அவரோடு பேசுகிறா. கறி, மருந்து, மழை என்று தேவையானதைப் பேசுகிறா. அண்ணன் தண்ணீர் எடுக்கக் குசினிக்குள் போன நேரம் நான் அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன்.

"அவருக்கு மறக்கத் தெரியாதுதானே அக்கா. நீங்களாவது மறந்துவிடுங்க."

"எனக்கு மறக்கத் தெரியும் எண்டு உங்களுக்கு ஆர் சொன்ன?" என்றா. கோபமாகச் சொல்லவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னா.

பிறகு மூவரும் முற்றத்தில் இருந்து கதைத்தோம். நடுவில் அக்கா எழும்பி, கீரைச் சுளகை உள்ளே வைத்து, குடையை எடுத்துக்கொண்டு படலையைத் திறந்து போனா. திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணன் பேச்சை நிறுத்தி, அவ போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க போறா?"

"நாலு மணியாகுது."

"இண்டைக்கு வருமா உங்களுக்கு?"

"வராது. எனக்கு வந்து மாசக்கணக்கு." நெஞ்சுப் பெட்டரியை ஒருக்கால் தடவினார். "வந்தாலும் வராட்டியும் அவ இந்த நேரத்துக்கு வீட்டில நிக்கமாட்டா."

 பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழும்பினேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"கொஞ்சம் இரு மனே," என்றார். "அஞ்சு மணிக்கு வந்திருவா."